பற்சக்கரத்தின் பூர்வீகம்

பொறியியல் மேடைகளில் நாம் பெரும்பாலும் புதிதாக வரப்போகும் இயந்திரங்களைப் பற்றியே பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, ஏற்கெனவே வந்து, ஓடித் தேய்ந்து, மாற்றுப் பாகத்துக்காகக் கொட்டகையில் காத்து நிற்கும் இயந்திரங்களைப் பற்றியது. குறிப்பாக, இராணுவத்தின் கனரகப் போக்குவரத்து ஹெலிகாப்டர்களும் அவற்றின் உதிரிபாகங்களும். 1980களின் பிற்பகுதியில் இந்திய விமானப்படை சோவியத் ஒன்றியத்திடமிருந்து நான்கு மி-26 ஹெலிகாப்டர்களைப் பெற்றது. தொடர் உற்பத்திக்கு வந்த ஹெலிகாப்டர்களில் உலகிலேயே பெரியது அதுதான். சண்டிகரில் இருந்த 126ஆவது ஹெலிகாப்டர் பிரிவு அவற்றை இயக்கியது. 2010 டிசம்பரில் ஜம்முவில் ஒன்று விபத்தில் சிக்கியது. மற்ற மூன்றையும் எந்த எதிரியும் சுட்டு வீழ்த்தவில்லை. ஓவர்ஹாலுக்கான கெடு வந்ததும், வேண்டிய பாகமும் பணியும் வேண்டிய நேரத்தில் கிடைக்காததால், அவை ஒவ்வொன்றாகத் தரையில் முடங்கின. இதை நிர்வாகத் தாமதம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த முடிவு, வாங்கிய நாளன்றே ஒப்பந்தத்துக்குள் எழுதப்பட்டுவிட்டது என்பது என் வாதம். கனரக ஹெலிகாப்டர் வாங்கும் நாடு, விலை பேசும்போதே அதைப் பழுதுபார்க்கும் அறிவையும் உரிமையையும் சேர்த்து வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் கட்டுப்படியாகாத அளவுக்குச் சிறிய எண்ணிக்கையில் அந்த ஹெலிகாப்டரை வாங்கவே கூடாது.

முதலில் இயந்திரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மி-26 தன் எடையும் சுமையும் சேர்த்து 56 டன் வரை தூக்கிக்கொண்டு எழும்பும். அதில் 20 டன் சுமை. எட்டு இறக்கைகள் கொண்ட அதன் சுழலியின் விட்டம் 32 மீட்டர். ஏறத்தாழ 11,400 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டி-136 என்ஜின்கள் அதைச் சுழற்றுகின்றன. என்ஜினிலிருந்து வெளிவரும் தண்டு நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். தலைக்கு மேலே இருக்கும் சுழலி 132 சுற்றுதான் சுற்ற வேண்டும். அந்த வேகத்தை இந்த வேகமாகக் குறைத்து, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறனை ஒரே செங்குத்துத் தண்டுக்குள் செலுத்துவது பிரதான கியர்பாக்ஸ். அதன் எடை மட்டும் மூன்றரை டன்னுக்கு மேல். அத்தனை பெரிய விசையை ஒரே சோடிப் பற்சக்கரங்கள் தாங்காது என்பதால் உள்ளே பல கிளைகளாகப் பிரித்து மறுபடி சேர்க்கிறார்கள். ஒவ்வொரு கிளைக்கும் சுமை சமமாகப் போக வேண்டும். ஒரு பல்லின் முகம் சில மைக்ரான் பிசகினாலும் பக்கத்துக் கிளைக்குக் கூடுதல் சுமை ஏறிவிடும். லாரியின் கியர்பாக்ஸ் உடைந்தால் வண்டி சாலையோரம் நிற்கும். ஹெலிகாப்டருக்கு நிற்க ஓரம் கிடையாது. இரண்டு என்ஜின்களில் ஒன்று நின்றாலும் விமானி இறங்கிவிடலாம். பிரதான கியர்பாக்ஸுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே ஹெலிகாப்டரில் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் இத்தனை மணி நேரம், இத்தனை ஆண்டு என்று ஆயுள் நிர்ணயித்திருக்கிறார்கள். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும் கெடு முடிந்தால் கழற்றியாக வேண்டும்.

இதனால்தான் இந்தத் தொழிலில் உதிரிபாகம் என்பது வெறும் உலோகத்துண்டாக இருப்பதில்லை. ஒவ்வொரு பாகத்தோடும் ஓர் ஏடு பயணம் செய்கிறது. எந்த வார்ப்பிலிருந்து வந்த எஃகு, யார் வெப்பப்பதம் செய்தது, எந்த ஹெலிகாப்டரில் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது கழற்றிச் சோதித்தார்கள், யார் கையொப்பமிட்டார்கள் என்று அதன் பூர்வீகம் முழுவதும் அதில் இருக்கும். ஏடு தொலைந்துபோனால் பாகம் நன்றாக இருந்தாலும் பொருத்தக் கூடாது. ஏனென்றால் களைப்பு என்று பொறியாளர்கள் சொல்லும் உலோகச் சோர்வு வெளியே தெரியாது. பல்லின் வேருக்குக் கீழே தலைமுடியை விட மெல்லிய விரிசல் ஒன்று, ஆயிரக்கணக்கான சுழற்சிகளில் மெதுவாக நீண்டு, ஒருநாள் திடீரென்று முறியும். அந்த விரிசல் இன்று எங்கே இருக்கும் என்று சொல்லக்கூடியது, அந்தப் பாகம் எப்படி வாழ்ந்தது என்ற கணக்கு மட்டுமே. ஆக, உதிரிபாகம் என்ற பொருளில் மூன்று அடுக்குகள் உண்டு: உலோகம், அதன் வரலாறு, இதைப் பொருத்திப் பறக்கலாம் என்று பொறுப்பேற்றுச் சொல்லும் அதிகாரம். சந்தையில் முதல் அடுக்கு எளிதில் கிடைக்கும். மற்ற இரண்டும் அதை வடிவமைத்தவரின் வரைபடங்களையும் சோதனைத் தரவுகளையும் சார்ந்திருக்கின்றன. நம் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முதல் அடுக்கை எண்ணிக்கையிட்டு வாங்குகின்றன. சிக்கல் மற்ற இரண்டில்தான் வருகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குச் சினூக் ஹெலிகாப்டரின் வரலாற்றிலேயே மூன்று சான்றுகள் இருக்கின்றன. சினூக்குக்கு முன்னும் பின்னுமாக இரண்டு சுழலிகள். அவற்றின் இறக்கைகள் ஒன்றின் வெளிக்குள் மற்றொன்று புகுந்து சுற்றுகின்றன. இரண்டையும் இணைக்கும் தண்டும் கியர்பாக்ஸ்களும் தாளம் தவறாமல் ஓடினால்தான் இறக்கைகள் மோதாமல் இருக்கும். 1982 செப்டம்பர் 11 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஒரு விமானக் காட்சியின்போது அமெரிக்கத் தரைப்படையின் சினூக் ஒன்று பல நாடுகளைச் சேர்ந்த பாராசூட் வீரர்களை ஏற்றிச் சென்றபோது விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸ் பாகங்களைச் சுத்தம் செய்ய, பொடித்த வால்நட் ஓட்டைப் பீய்ச்சி அடிக்கும் முறை இருந்தது. அந்தத் துகள் முழுவதும் நீக்கப்படாமல் எண்ணெய் செல்லும் சிறு வழிகளை அடைத்துக்கொண்டது. பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை. முன் கியர்பாக்ஸ் செயலிழந்தது. சுழலிகள் தாளம் தவறி மோதின. பாகம் அசல், தயாரித்தவர் அசல், பொருத்திய இடம் முறையானது. சுத்தம் செய்த விதத்தில் கோளாறு. 1986 நவம்பர் 6 அன்று ஷெட்லண்ட் தீவுகளுக்கு அருகே, எண்ணெய்க் கிணற்றிலிருந்து தொழிலாளர்களை ஏற்றி வந்த பயணிகள் வகைச் சினூக் கடலில் விழுந்து 45 பேர் மாண்டார்கள். முன் கியர்பாக்ஸில் மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தில் இருந்த பெரிய வளையப் பற்சக்கரம் சோர்வு விரிசலால் உடைந்தது. அந்த மாற்றம் ஒப்புதல் பெற்றதுதான். அதற்குச் செய்த சோதனை போதவில்லை. மூன்றாவது, அண்மையில் நடந்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் தரைப்படை ஏறத்தாழ 400 சினூக்குகளையும் ஒரே நேரத்தில் தரையிறக்கியது. சில என்ஜின்களில் எரிபொருள் கசிந்து சிறு தீ ஏற்பட்டிருந்தது. வடிவமைப்புத் தரத்துக்கு உட்படாத ஓ-ரிங்குகள், வழக்கமான பராமரிப்பின்போது இராணுவப் பணிமனை ஒன்றில் பொருத்தப்பட்டிருந்தன என்று என்ஜினைத் தயாரிக்கும் ஹனிவெல் நிறுவனம் தெரிவித்தது.

அந்த ஓ-ரிங்கைப் பற்றி இன்னும் சற்று யோசிக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியாத ரப்பர் வளையம். அதன் விட்டமும் தடிமனும் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் எந்த ரப்பர் கலவை, எந்த எரிபொருளில் எவ்வளவு உப்பும், எந்த வெப்பத்தில் எத்தனை மாதத்தில் இறுகும் என்பதெல்லாம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெரியாது. அதைச் சொல்வது வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் பொருள் விவரக் குறிப்பு. உலகின் மிகப் பெரிய சினூக் படையை வைத்திருக்கும், அதை வடிவமைத்த நாட்டிலேயே, சொந்தப் பணிமனையிலேயே இது நடந்தது என்றால் மற்றவர் நிலை என்ன? ஆயினும் அங்கே நடந்த அடுத்த விஷயத்தையும் கவனிக்க வேண்டும். எந்தெந்த என்ஜின்களில் அந்த வளையம் போயிருக்கலாம் என்று ஏடுகளைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியவற்றை ஏறத்தாழ 70 ஹெலிகாப்டர்கள் என்ற அளவுக்குச் சுருக்க முடிந்தது. பூர்வீகம் எழுதி வைத்திருந்தால் கிடைக்கும் பலன் இது. அந்த நேரத்தில், சினூக்குகளை இயக்கும் இந்திய விமானப்படை, என்ன காரணத்துக்காக அவை தரையிறக்கப்பட்டன என்று அவற்றைத் தயாரிக்கும் போயிங்கிடம் விவரம் கேட்டது. கேட்டது முறையானதுதான். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் நாம் இருந்தோம் என்பதையும் மறக்கலாகாது.

இனி மி-26க்குத் திரும்புவோம். நான்கு என்ற எண்ணே அதன் முதல் நோய். ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏதோ ஒரு பாகம் ஒரு ஹெலிகாப்டரில் சராசரியாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகிறது. சரக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வந்து சேரும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஹெலிகாப்டருக்கு ஆண்டுச் சராசரித் தேவை ஒன்று. ஆனால் பழுது சராசரியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நிகழ்தகவுப்படி நூறில் முப்பத்தேழு ஆண்டுகளில் ஒன்றுகூடத் தேவைப்படாது. இருபத்தாறு ஆண்டுகளில் இரண்டும் அதற்கு மேலும் தேவைப்படும். நூற்றுக்கு 92 பங்கு நம்பிக்கையோடு இருக்க வேண்டுமானால் கிடங்கில் இரண்டு வைத்திருக்க வேண்டும், அதாவது சராசரியைப் போல இரு மடங்கு. அதே பாகத்துக்கு நூறு ஹெலிகாப்டர் உள்ள நாட்டில் சராசரித் தேவை 25. அதே நம்பிக்கைக்கு 32 போதும். மூன்றரை டன் கியர்பாக்ஸ் முதல் எண்ணெய் வடிகட்டி வரை ஒவ்வொரு பாகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சிறிய படை ஒரு ஹெலிகாப்டருக்குச் செலவிட வேண்டிய தொகை பெரிய படையை விட அதிகம் என்பதோடு, அந்தக் கூடுதல் செலவு ஆண்டுக் கணக்கில் அலமாரியில் தூங்குவதால் தணிக்கையாளர் கண்ணுக்கு வீண் சரக்காகவும் தெரிகிறது. பட்ஜெட் இறுகும் ஆண்டில் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். நான்கில் ஒன்று ஓவர்ஹாலுக்காகக் கடல் கடந்திருக்கும், ஒன்று குறித்த காலச் சோதனையில் பிரிந்து கிடக்கும், ஒன்று பாகத்துக்குக் காத்திருக்கும். பறப்பதற்கு ஒன்று மிஞ்சினால் அது நல்ல ஆண்டு. 2013 உத்தரகாண்ட் வெள்ளத்தின்போது கௌச்சர் தளத்துக்கு எரிபொருள் கொண்டுபோய்ச் சேர்த்து, சிறிய ஹெலிகாப்டர்கள் தொடர்ந்து பறக்க மி-26 வழிசெய்தது. அப்படிப்பட்ட நாட்களில்தான் அந்த ஒன்றின் அருமை தெரியும். கனரக ஹெலிகாப்டர் செய்யும் வேலையை வேறு எதுவும் செய்யாது என்பதால், அது இல்லாத நாளின் இழப்பும் கணக்கில் வராமலே போகிறது.

எண்ணிக்கையோடு பூகோளமும் சேர்ந்துகொண்டது. மி-26 பூட்டப்படுவது ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில். அதன் டி-136 என்ஜின் உருவானதும் தயாரானதும் உக்ரைனின் ஜபோரிஷியா நகரில். தயாரித்தது மோட்டார் சிச் நிறுவனம். வாங்கிய காலத்தில் இரண்டும் ஒரே நாடு. 1991க்குப் பிறகு இரண்டு நாடு. 2014இல் கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றியதும் உக்ரைன் ரஷ்யாவுடனான இராணுவத் தொழில் ஒத்துழைப்பை நிறுத்தியது. 2022இல் முழுப் போர் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உக்ரைன் அரசு மோட்டார் சிச்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ரஷ்யாவே மி-26க்கு வேறு என்ஜின் தேட வேண்டிய நிலை. உடலைச் செய்தவரும் இதயத்தைச் செய்தவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது நாட்டின் உதிரிபாகப் பட்டியலுக்கு யார் பதில் சொல்வார்? இது மி-26க்கு மட்டும் வந்த விதியன்று. நம் விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானங்களைப் புதுப்பிக்க 2009இல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டோம். நாற்பது விமானங்கள் அங்கே போய்த் திரும்பின. மீதியைக் கான்பூரில் செய்யும் பணி பாகங்கள் வராமல் தடைபட்டது. கிழக்கை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா விதித்த தடையால் நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் முடங்கின. அவற்றை விற்றது பிரிட்டன். ஆனால் உள்ளே அமெரிக்க உரிமத்தில் வந்த பாகங்கள் இருந்தன. விற்பவர் நண்பரா என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். பாகத்தின் பாகத்தைச் செய்பவர் யார், அவர் எந்த அரசின் அனுமதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதுவரை போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1982 ஃபாக்லாந்து போர். மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் கப்பல் அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணைகளால் தாக்குண்டது. அதில் வந்த பிரிட்டனின் சினூக்குகளில் மூன்று எரிந்தன; அந்த நேரம் வானில் இருந்த பிராவோ நவம்பர் என்ற ஒன்று மட்டும் தப்பியது. உதிரிபாகம், கருவிகள், கையேடுகள் எல்லாம் கப்பலோடு போய்விட்டன. ஆனாலும் அந்த ஒற்றை ஹெலிகாப்டர் போர் முடியும்வரை பறந்து, ஏறத்தாழ 1,500 வீரர்களையும், 550 டன் சரக்கையும், நூற்றுக்கணக்கான போர்க் கைதிகளையும் சுமந்தது. ஒருமுறை பனிப்பொழிவில் நீரில் மோதியும் எழுந்து வந்தது. இப்போது அதை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இதைக் காட்டி, திறமையும் துணிவும் இருந்தால் கிடங்கு இல்லாமலும் பறக்கலாமே என்று கேட்பார்கள். அந்த விமானிகளுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் நாட்களைப் பாருங்கள்: மே 25 முதல் ஜூன் 14 வரை, மூன்று வாரம். பிரிட்டனுக்குச் சினூக் வந்ததே 1980இன் இறுதியில்தான். ஆகவே அது புது ஹெலிகாப்டர். புது இயந்திரத்துக்குள் தொழிற்சாலை வைத்து அனுப்பிய ஆயுள் கையிருப்பாக இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் அதைச் செலவழித்தார்கள். செலவழித்ததைப் போருக்குப் பிறகு நிரப்பிக்கொள்ள ஒரு நாடும் ஒரு தொழிற்சாலையும் பின்னால் இருந்தன. முப்பது வயதான ஹெலிகாப்டரில் அப்படி எடுத்துச் செலவழிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. நாம் அஞ்ச வேண்டியது மூன்று வாரப் போரை அல்ல. போரே இல்லாத முப்பது ஆண்டுகளை.

இன்னொரு மறுப்பு, பணிமனைகளில் தினமும் கேட்பது: ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் போட்டு ஓட்டிவிடலாம். அவசரத்துக்கு எல்லாப் படைகளும் செய்வதுதான். ஆனால் அதன் விலையை அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2001இல் கணக்கிட்டுச் சொன்னது. 1996 முதல் 2000 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் ஏறத்தாழ 8,50,000 தடவை இப்படிக் கழற்றிப் பொருத்தியிருக்கின்றன. அதற்குக் கூடுதலாகச் செலவான உழைப்பு 53 லட்சம் மணி நேரம். ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறோம்: நன்றாக இருக்கும் ஹெலிகாப்டரிலிருந்து கழற்ற வேண்டும், பிறகு அதற்கு வேறொன்று வந்ததும் திரும்பப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மறைகள் தேய்கின்றன, குழாய் இணைப்புகள் நெளிகின்றன, வயர்கள் இடம் மாறுகின்றன. வயர் இடம் மாறினால் என்ன என்று கேட்கலாம். 2014 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் எம்.எச்-53இ ஹெலிகாப்டர் ஒன்று வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் விழுந்து மூவர் இறந்தார்கள். நைலான் கட்டுப்பட்டை ஒன்று உரசி வயரின் காப்புறை தேய்ந்திருந்தது; அந்த வயர் எரிபொருள் குழாயை உரசி ஓட்டையாக்கி, தீப்பொறியும் எரிபொருளும் சந்தித்தன. கடையில் கைநிறைய வாங்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. நான்கே ஹெலிகாப்டர் உள்ள படையில் கழற்றி மாட்டுவது இன்னும் மோசமானது. பாகம் கொடுத்த ஹெலிகாப்டர் நிரந்தரமாக எலும்புக்கூடாகி, காகிதத்தில் மட்டும் எண்ணிக்கை நான்காகவே நிற்கும்.

அப்படியானால் நாமே செய்துகொள்வோம் என்பார்கள் சுயசார்பில் பற்றுள்ளவர்கள். நோக்கத்தில் நான் அவர்கள் பக்கம். வழியில்தான் வேறுபடுகிறேன். பாகத்தை எடுத்து முப்பரிமாண ஸ்கேன் செய்து, அதே வடிவத்தில் கடைந்தெடுத்தால் உள்நாட்டுமயமாகிவிட்டது என்று கணக்கெழுதும் போக்கு இருக்கிறது. மான்ஹைமும் ஷெட்லண்டும் அந்தப் போக்குக்கு எதிரான சாட்சிகள். வடிவமைத்த நிறுவனமே செய்த மாற்றம் போதிய சோதனையின்றிப் போனால் 45 உயிர் போகும் என்றால், வடிவமைப்புத் தரவு கையில் இல்லாதவர் செய்யும் நகலுக்கு எத்தனை மடங்கு சோதனை தேவை? பற்சக்கரத்தின் மேற்பரப்பில் கார்பன் எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது, வெப்பப்பதத்தின்போது உள்ளே என்ன அழுத்தம் தங்கியது என்பதை ஸ்கேனர் காட்டாது. ஆனால் எல்லாப் பாகமும் பற்சக்கரம் அல்ல. இருக்கை, சரக்குத் தளத்துச் சட்டம், கதவுக் கீல், ஹைட்ராலிக் குழாய், சீல், வயர்க் கட்டு என்று ஹெலிகாப்டரைத் தரையில் நிறுத்தும் பாகங்களில் கணிசமானவை உடைந்தாலும் உயிர் போகாதவை, அல்லது சோதனைக்கூடத்தில் முழுமையாக நிரூபிக்கக்கூடியவை. கோவையிலும் ஓசூரிலும் சேலத்திலும் திருச்சியிலும் இருக்கும் எந்திரப் பட்டறைகளுக்கு இதைச் செய்யும் கைத்திறன் உண்டு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் அந்த ஊர்கள் சேர்க்கப்பட்டிருப்பதும் அதற்காகத்தான். சினூக்கின் பின்புறத் தூணையும் சரக்கு ஏற்றும் சரிவுக் கதவையும் பெங்களூரின் டைனமேட்டிக் நிறுவனமும், அதன் முதுகுப்பகுதியையும் வால்பகுதியையும் ஐதராபாத்தில் டாட்டா நிறுவனமும் போயிங்குக்குச் செய்து தருகின்றன. ஆகவே செய்யத் தெரியவில்லை என்பதில்லை. ஆனால் அந்த நிறுவனங்கள் போயிங்கின் வரைபடத்துக்குப் போயிங்குக்காகச் செய்கின்றன; சண்டிகர் கொட்டகையில் நிற்கும் நம் ஹெலிகாப்டருக்கு அதே பாகத்தை நேராகக் கொடுக்கும் உரிமை தனியாகப் பேசி வாங்க வேண்டிய ஒன்று. இராணுவ வான்தகுதிச் சான்று வழங்கும் செமிலாக் அமைப்புக்கும் வடிவமைப்புத் தரவு வந்தால்தான் அது பொறுப்பேற்றுக் கையெழுத்திட முடியும்.

தயாரித்தவரிடமே முழுப் பராமரிப்பையும் ஒப்படைத்து, இத்தனை ஹெலிகாப்டர் எப்போதும் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால் என்ன என்பது அடுத்த மறுப்பு. பிரிட்டன் 2006இல் தன் சினூக்குகளுக்குப் போயிங்கோடு 34 ஆண்டுக்கால ஆதரவு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பிரிட்டன் அப்படிப் பேரம் பேசியது அமெரிக்காவுக்கு வெளியே மிகப் பெரிய சினூக் படைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஃபாக்லாந்து முதல் பல போர்க்களங்களில் கால்நூற்றாண்டு தானே பராமரித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு. அந்த அனுபவம் உள்ள நாடே தரவை வாங்க மறந்தபோது என்ன ஆனது என்பதும் அதே நாட்டில் நடந்திருக்கிறது. 1995இல் சிறப்புப் படைகளுக்காக எட்டு சினூக் எம்கே-3 வாங்கினார்கள். 2001இல் வந்து சேர்ந்தன. விமானி அறையின் மென்பொருள் பாதுகாப்பானதுதான் என்று நிரூபிக்கத் தேவையான விவரத்தை அணுகும் உரிமை ஒப்பந்தத்தில் சரியாக இடம்பெறவில்லை. மேகமில்லாத வானத்தில் மட்டுமே பறக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு எட்டும் ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்தன. கடைசியில் கூடுதல் பணம் கொட்டிப் பழைய முறைக் கருவிகளுக்கே மாற்றிய பிறகுதான் படையில் சேர்ந்தன. அத்தனையும் பழுதில்லாத புது ஹெலிகாப்டர்கள். பாகம் எதுவும் குறையவில்லை. மூன்று அடுக்கில் மூன்றாவது மட்டும் இல்லை. தயாரிப்பாளரிடம் பணியை ஒப்படைக்கலாம். அந்தப் பணி சரியாக நடந்ததா என்று சரிபார்க்கும் அறிவையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டால், அடுத்த பேரத்தில் நம் பக்கம் பேச ஆளிருக்காது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தரவுக்கும் உரிமத்துக்கும் விலை உண்டு. அந்த விலைக்கு இரண்டு ஹெலிகாப்டர் குறைவாகத்தான் வாங்க முடியும் என்றால் நிதித்துறையும் படையும் எண்ணிக்கைப் பக்கமே சாயும். ஆனால் பணக்கார நாடும் பின்னால் வட்டியோடு கட்டத்தான் செய்கிறது. அமெரிக்க மரைன் படையின் சி.எச்-53இ ஹெலிகாப்டர் உற்பத்தி 1999இல் நின்றது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மணலில் ஓடித் தேய்ந்த அந்தப் படையில் பறக்கும் நிலையில் இருந்தவை பாதிக்கும் கீழே இறங்கின. 2016இல் ஒவ்வொரு ஹெலிகாப்டரையும் முழுவதுமாகப் பிரித்து மறுபடி கட்டும் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது. இனி நம் பக்கம் வருவோம்: 2015இல் 15 சினூக்குகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். 2019 மார்ச் 25 அன்று முதல் தொகுதி சண்டிகரில் படையில் சேர்ந்தது. 126ஆவது பிரிவுக்கே அவை போயின. நான்கைவிடப் பதினைந்து நல்ல எண். 1961இல் முதன்முதலாகப் பறந்து, ஆயிரத்துக்கு மேல் தயாராகி, இருபது நாடுகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் ஹெலிகாப்டர் என்பதால் உலகச் சந்தையில் பாகமும் கிடைக்கிறது. இந்தச் சாதகங்கள் நமக்குச் சில ஆண்டு அவகாசம் தந்திருக்கின்றன. அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியவை பட்டியல் போடும் அளவுக்குப் பெரிதல்ல. ஒவ்வொரு சினூக்கின் ஒவ்வொரு ஆயுள் வரம்புள்ள பாகத்தின் வரலாறும் நம் கணினியில், நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸையும் என்ஜினையும் பிரித்துச் சோதிக்கும் அளவுக்காவது ஒரு பணிமனை உள்நாட்டில் வேண்டும். மி-17 ஹெலிகாப்டர்களுக்குச் சண்டிகரின் 3ஆவது தளப் பணிமனையில் அதைக் கட்டியிருக்கிறோம், ஆகவே வழி தெரியாத வேலையல்ல. உயிராபத்தில்லாத பாகங்களை உள்நாட்டில் செய்ய வடிவமைப்புத் தரவுக்கான உரிமத்தை இப்போதே பேச வேண்டும். உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, அடுத்த ஆர்டர் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் விற்பவர் இறங்கி வருவார். கடைசிச் சினூக் தொழிற்சாலையை விட்டுப் போன பிறகு அதே உரிமத்துக்கு அவர் சொல்வதுதான் விலை. இன்று இந்த அரங்கில் இருக்கும் மாணவர்கள் பணிக்குச் சென்று முதல் பத்தாண்டு முடிப்பதற்குள், இந்தப் பதினைந்துக்கும் பெரிய ஓவர்ஹால்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நம் தரப்பில், விலைப்பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்களோடு, பற்சக்கரத்தின் வெப்பப்பத அறிக்கையைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேராவது உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.